ஊராட்சி மாநகராட்சியோடு இணைந்துவிட்டது: இனி எங்கள் ஓட்டு எங்கே, எப்போது?

புறவழிச்சாலை_மேற்கு கேட்டது:

வணக்கம். எங்கள் ஊராட்சியைப் பக்கத்து மாநகராட்சியோடு சேர்த்து அரசிதழில் இறுதி அறிவிக்கை வந்துவிட்டது. தலைவர், வார்டு உறுப்பினர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-லேயே முடிந்தது. அதற்குப் பிறகு தனி அலுவலராக பி.டி.ஓ. (வட்டார வளர்ச்சி அலுவலர்) பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது கோப்புகளெல்லாம் மண்டல அலுவலகத்துக்குப் போய்விட்டன.

ஊர் வாட்ஸப் குழுவில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். ஓட்டர் ஐடியை மாற்றாவிட்டால் பெயர் நீக்கிவிடுவார்கள் என்று ஒருவர். எம்.எல்.ஏ. தொகுதியே மாறிவிடும் என்று இன்னொருவர். அடுத்த தேர்தல்வரை நமக்குக் கவுன்சிலரே கிடையாது என்று மூன்றாமவர். இதில் எது உண்மை? நாங்கள் இப்போதே செய்துவைக்க வேண்டியது ஏதாவது உண்டா? வாடகைக்கு இருப்பவர்களும், மனை வாங்கி வீடு கட்டி இன்னும் சொந்த ஊரிலேயே ஓட்டு வைத்திருப்பவர்களும் இங்கே நிறையப் பேர். அவர்கள் நிலை என்ன?

---

பாகம்_எண் பதில்:

மூன்றாமவர் சொன்னது மட்டும்தான் உண்மை. முதல் இரண்டும் வீண் பயம்.

எம்.எல்.ஏ., எம்.பி. தொகுதிகளின் எல்லை 2008-ல் வந்த தொகுதி மறுவரையறை ஆணைப்படி நிற்கிறது. உள்ளாட்சி எல்லை மாறினால் அது மாறாது. சோழிங்கநல்லூர் தொகுதியைப் பாருங்கள். சோழிங்கநல்லூர் 2011-ல் சென்னை மாநகராட்சிக்குள் வந்தது. மேடவாக்கம், பெரும்பாக்கம் ஊராட்சிகள் அப்போது வரவில்லை. ஆனாலும் எல்லோரும் ஒரே எம்.எல்.ஏ.வுக்குத்தான் ஓட்டுப் போட்டார்கள்.

ஓட்டர் ஐடி விஷயம்: உள்ளாட்சித் தேர்தலுக்கென்று தனியாகப் பெயர் சேர்க்கும் வேலை தமிழ்நாட்டில் கிடையாது. சட்டமன்ற வாக்காளர் பட்டியலை வாங்கி, வார்டு வாரியாகப் பிரித்து அடுக்குவதுதான் நடைமுறை. சட்டமன்றப் பட்டியலில் ஒவ்வொரு பாகத்துக்குள்ளும் (ஒரு வாக்குச்சாவடிக்கான பட்டியல்தான் ஒரு பாகம்) 'பிரிவு' என்று தெருப்பெயரோடு ஒரு வரி இருக்கும். வார்டு பிரிக்கும்போது அந்தப் பிரிவுகளைத்தான் எடுத்து இந்த வார்டு, அந்த வார்டு என்று ஒதுக்குவார்கள். அட்டையில் ஊராட்சிப் பெயர் இருந்தாலும் ஓட்டுப் போடலாம். இணைப்பு என்ற ஒரே காரணத்துக்காக யாரும் படிவம் 8 கொடுக்க வேண்டாம். அந்தப் படிவம் வீடு மாறியவர்களுக்கும், பிழை திருத்த, மாற்று அட்டை வாங்க, மாற்றுத்திறனாளி எனக் குறிக்க விரும்புபவர்களுக்கும்தான்.

சிக்கல் வருவது வேறு இடத்தில். புறநகர் ஊராட்சிகளில் சட்டமன்றப் பட்டியலின் பிரிவுப் பெயர்கள் பெரும்பாலும் பழையவை. 'மேற்குத் தெரு', 'காலனி' என்று இரண்டு வரி இருக்கும். அதற்குள்ளேயே பிற்பாடு வந்த ஐந்தாறு நகர்களின் ஆட்களையும் கொட்டிவைத்திருப்பார்கள். நாளை வார்டு எல்லை அந்த நகர்களுக்கு நடுவில் ஓடினால், பிரிவை உடைக்காமல் முழுசாக ஒரு பக்கம் தள்ளிவிடுவார்கள். உங்கள் வீடு 40-வது வார்டில் இருக்கும், பெயர் 41-வது வார்டில் இருக்கும். ஒரே வீட்டில் அப்பாவுக்கு ஒரு வார்டு, மகளுக்கு வேறு வார்டு என்று வருவதும் இதனால்தான்.

இப்போதே செய்யக்கூடியது: உங்கள் ஊருக்கான பாகங்களை எல்லாம் தலைமைத் தேர்தல் அதிகாரி தளத்திலிருந்து இறக்கி, நகர் வாரியாக யார் எந்தப் பிரிவில் இருக்கிறார்கள் என்று குறித்துவையுங்கள். தவறான பிரிவில் இருப்பவர்களை பி.எல்.ஓ. (வாக்குச்சாவடி நிலை அலுவலர்) மூலம் படிவம் 8-ல் சரிசெய்யுங்கள். இது இணைப்புக்கான விண்ணப்பம் அல்ல, முகவரிப் பிழைத்திருத்தம். இதைச் சாதாரணக் காலத்தில் செய்தால் சத்தமில்லாமல் முடிந்துவிடும். உள்ளாட்சித் தேர்தல் அறிவித்தபின் ஓடினால் மனுத்தாக்கல் கெடுவுக்குள் நடைமுறை முடியாது.

2025 நவம்பர் 4-ல் தொடங்கிய வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தத்தையும் (எஸ்.ஐ.ஆர்.) மறந்துவிடாதீர்கள். அதில் பெயர் போயிருந்தால் மாநகராட்சிப் பட்டியலிலும் தானாகவே இருக்காது. அவர்களுக்குப் புதிதாகப் பெயர் சேர்க்கும் படிவம் 6 மட்டுமே வழி. பழைய அட்டையைக் காட்டி வாக்குச்சாவடியில் வாதாடிப் பயனில்லை. 18 வயது நிறைவதற்கு இப்போது ஆண்டுக்கு நான்கு தகுதி நாட்கள் இருக்கின்றன: ஜனவரி 1, ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1. கல்லூரிப் பிள்ளைகளிடம் சொல்லுங்கள்.

வாடகைக்காரர்களுக்கு முழு உரிமை உண்டு. வழக்கமாக எங்கே குடியிருக்கிறார்கள் என்பதுதான் அளவுகோல். வீட்டு உரிமையாளரின் சம்மதம் சட்டத்தில் எங்குமே கேட்கப்படவில்லை. மறுபக்கம், மனை வாங்கி வீடு கட்டிப் பூட்டி வைத்திருப்பவர் இங்கே வாக்காளர் ஆக முடியாது. வீடு சொந்தம் என்பதாலேயே ஒருவர் அங்கே வழக்கமாகக் குடியிருப்பவர் ஆகிவிட மாட்டார் என்று 1950-ம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 20-வது பிரிவு நேரடியாகவே சொல்கிறது. உண்மையிலேயே குடிவந்துவிட்டவர்கள் படிவம் 8-ல் இடமாற்றம் கேட்டால் ஊர்ப்பக்கப் பெயர் நீங்கி இங்கே வரும். புதிதாகப் படிவம் 6 கொடுத்து இரண்டு இடத்திலும் வைத்துக்கொள்ளும் வேலை வேண்டாம். இரட்டைப் பதிவு சட்டப்படி கூடாது, பொய் உறுதிமொழி கொடுத்தால் தண்டனையும் உண்டு.

---

நான்கு_சீட்டு பதில்:

ஓட்டு போகுமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். எத்தனை ஓட்டு போகிறது என்று யாரும் கணக்குப் பார்ப்பதில்லை.

ஊராட்சியில் ஒருவர் கையில் நான்கு வாக்குச்சீட்டு. வார்டு உறுப்பினருக்கு வெள்ளை, தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றியக் கவுன்சிலருக்குப் பச்சை, மாவட்டக் கவுன்சிலருக்கு மஞ்சள். மாநகராட்சியில் ஒரே ஒரு பொத்தான், வார்டு கவுன்சிலருக்கு மட்டும். 2022-ல் மேயரைக் கவுன்சிலர்கள்தான் தேர்ந்தெடுத்தார்கள். தலைவரை நேரடியாகத் தேர்ந்தெடுத்துப் பழகிய ஊருக்கு இது பெரிய இழப்பு.

போட்டியிடுவதும் கடினமாகும். 2019-ல் ஊராட்சி வார்டு உறுப்பினருக்கு டெபாசிட் 200 ரூபாய், தலைவருக்கு 600. 2022-ல் மாநகராட்சிக் கவுன்சிலருக்கு 4,000. பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு அதில் பாதி. ஊராட்சித் தலைவர் தேர்தலில் கட்சிச் சின்னம் கிடையாது. கவுன்சிலர் தேர்தல் முழுக்கக் கட்சிச் சின்னத்தில் நடக்கிறது. ஊருக்கு நல்லது செய்தவர் என்ற பெயரை மட்டும் வைத்து நின்று ஜெயித்தவர்களுக்கு அந்தக் களம் வேறு.

கிராம சபையும் போகும். ஆண்டுக்கு ஆறு முறை, யார் வேண்டுமானாலும் எழுந்து வரவுசெலவு கேட்ட இடம் அது. நகரத்தில் வார்டு குழு, பகுதி சபை என்று 2022-ல் விதி வந்தது. ஆனால் அது கவுன்சிலர் தலைமையில் நடப்பது. கவுன்சிலர் இல்லாத புதுப் பகுதிக்கு அதுவும் எட்டாது.

நகரத்தோடு சேர்வதே தப்பு என்று நான் சொல்லவில்லை. பாதாளச் சாக்கடையும் குடிநீரும் ஊராட்சி நிதியில் வராது. ஆனால் இழப்பது இன்னது என்று தெரிந்தால்தான் எதைக் கேட்டு வாங்குவது என்று புரியும்.

---

புறவழிச்சாலை_மேற்கு:

இருவருக்கும் நன்றி. பிரிவுப் பெயர் விஷயம் எங்களுக்குத் தெரியவே தெரியாது, இந்த வாரமே ஆரம்பிக்கிறோம். ஒரு சந்தேகம். அடுத்த தேர்தல்வரை காத்திருக்காமல் எங்கள் பகுதிக்கு மட்டும் இடைத்தேர்தல் வைக்கச் சொல்லிக் கேட்க முடியாதா? மாநகராட்சி மன்றம் இப்போதே எங்களுக்கும் சேர்த்து வரித் தீர்மானம் போடுகிறது. அந்த மன்றத்தில் எங்கள் ஓட்டில் வந்தவர் ஒருவர்கூட இல்லை.

---

விதி_243 பதில்:

இடைத்தேர்தல் என்பது ஏற்கெனவே இருக்கும் ஒரு வார்டில் இடம் காலியானால்தான். உங்கள் பகுதிக்கு வார்டே இன்னும் இல்லை. வார்டு வரையறை நடந்து, எண்ணிக்கை நிர்ணயித்து, இட ஒதுக்கீடு முடிந்து, அதன்பின் வரும் பொதுத்தேர்தலில்தான் உங்கள் முதல் ஓட்டு. அதுவரை உங்கள் ஓட்டில் வந்து பதவியில் இருப்பவர்கள் எம்.எல்.ஏ.வும் எம்.பி.யும் மட்டுமே. நிர்வாக வசதிக்காகப் பக்கத்து வார்டு கவுன்சிலர் வந்து பார்த்தாலும் அது பிரதிநிதித்துவம் ஆகாது.

அதனால் இந்த இடைவெளி எவ்வளவு நீளும் என்பதில்தான் உங்கள் கவனம் இருக்க வேண்டும். அரசியலமைப்பின் 243-யூ பிரிவுப்படி நகர மன்றத்தின் ஆயுள் முதல் கூட்டத்திலிருந்து ஐந்தாண்டு. அது முடிவதற்குள் தேர்தல் நடத்தியாக வேண்டும். 2022 பிப்ரவரி 19-ல் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் மார்ச் 2-ல் பதவியேற்றார்கள். ஆக, 2027 மார்ச் தொடக்கத்தோடு ஐந்தாண்டு நிறைகிறது.

எழுத்தில் இப்படி. தமிழ்நாட்டில் நடந்தது என்ன? 2016 அக்டோபரில் நடக்க வேண்டிய உள்ளாட்சித் தேர்தலைச் சென்னை உயர்நீதிமன்றம் அக்டோபர் 4-ல் ரத்து செய்தது. பழங்குடியினர் இட ஒதுக்கீட்டைச் சரியாகச் செய்யாததும் அதற்கு ஒரு காரணம். பிறகு வார்டு வரையறை, புது மாவட்டங்கள், வழக்குகள் என்று இழுத்து, ஊராட்சிகளுக்கு 2019 டிசம்பரில்தான் தேர்தல் வந்தது. அதிலும் ஒன்பது மாவட்டங்கள் 2021 அக்டோபர்வரை காத்திருந்தன. நகர்ப்புறத்துக்கு 2022 பிப்ரவரி. ஐந்து ஆண்டுகளுக்கும் மேலாக மாநகராட்சிகள் தனி அலுவலர் கையில் இருந்தன. எல்லை மாற்றம் நடந்திருக்கும் காலத்தில் 'வரையறை முடியவில்லை' என்ற காரணம் சொல்வது எளிது.

அந்தக் காரணம் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் பலமுறை சொல்லியிருக்கிறது. 2006-ல் அகமதாபாத் மாநகராட்சி தொடர்பான கிஷன்சிங் தோமர் வழக்கில், ஐந்தாண்டு முடிவதற்குள் தேர்தலை முடிப்பது மாநிலத் தேர்தல் ஆணையத்தின் கடமை, சாதாரணக் காரணங்களுக்காகத் தள்ளிப்போடக் கூடாது என்றது. 2022 மே 10-ல் மத்தியப் பிரதேச வழக்கில், புது வரையறை முடியாவிட்டால் இருக்கிற வார்டுகளை வைத்தே தேர்தல் நடத்து என்றது.

இரண்டாவது தீர்ப்பு உங்களைப் போன்றவர்களுக்கு இரண்டு பக்கமும் வெட்டும். பழைய வார்டுகளை வைத்தே தேர்தல் என்றால் புதிதாகச் சேர்ந்த பகுதி எந்த வார்டில் ஓட்டுப் போடும்? ஆகவே 'தேர்தலை நேரத்துக்கு நடத்து' என்று மட்டும் கேட்காதீர்கள், 'அதற்கு முன்னால் எங்கள் பகுதிக்கு வார்டு வரையறையை முடி' என்றும் சேர்த்தே கேளுங்கள். மாநிலத் தேர்தல் ஆணையம், நகராட்சி நிர்வாக இயக்குநர், மாவட்டத் தேர்தல் அலுவலரான ஆட்சியர், மாநகராட்சி ஆணையர் ஆகியோருக்கு ஒப்புகையுடன் மனு போகட்டும். தேதியோடு அந்த மனு கையில் இருந்தால்தான் பின்னாளில் நீதிமன்றத்தில் 'முன்பே கேட்டோம்' என்று சொல்ல முடியும்.

இணைப்பை எதிர்த்துக் கிராம சபைத் தீர்மானம் போட்டோமே என்று சிலர் நினைப்பார்கள். அந்தத் தீர்மானம் அரசைக் கட்டுப்படுத்தாது. ஆட்சேபணையோடு இணைத்துக் கொடுக்கலாம், அவ்வளவுதான். வாக்கெடுப்பு நடத்தி ஊராரின் சம்மதம் வாங்க வேண்டும் என்ற ஏற்பாடு நம் சட்டத்தில் இல்லை. இருந்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

---

காலனி_தெரு பதில்:

இட ஒதுக்கீடு பற்றி யாரும் தொடவில்லை, அதனால் எழுதுகிறேன்.

ஒரு ஊராட்சியில் ஆறிலிருந்து பதினைந்து வார்டு இருக்கும். ஒரு வார்டு என்பது சில நூறு பேர். 600 பேர் இருக்கும் ஒரு பட்டியல் சாதிக் குடியிருப்புக்கு அங்கே தனக்கென்று ஒரு உறுப்பினர் இருப்பார். சுழற்சி வந்தால் தலைவர் பதவியும் கிடைக்கும். அதே 600 பேர் 18,000 பேர் கொண்ட மாநகராட்சி வார்டுக்குள் போனால் முப்பதில் ஒரு பங்கு.

மாநகராட்சியில் பட்டியல் சாதியினருக்கு மொத்த மக்கள்தொகை விகிதப்படி வார்டுகள் ஒதுக்குவார்கள், அதிலும் அவர்கள் விகிதம் அதிகமுள்ள வார்டுகளைப் பார்த்து ஒதுக்குவார்கள். ஆகவே எல்லை எங்கே ஓடுகிறது என்பதே முடிவு செய்கிறது. அடுத்தடுத்த மூன்று ஊர்களின் குடியிருப்புகள் ஒரே வார்டில் இருந்தால் அந்த வார்டு பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்ட தனி வார்டாகும் வாய்ப்பு உண்டு. சாலையைக் காட்டி மூன்றையும் மூன்று வார்டுகளில் போட்டால் எங்குமே அவர்கள் குரல் எடுபடாது. பெயர்ப்பட்டியலைச் சரிபார்க்கும் நண்பர்கள் இதையும் கையோடு பாருங்கள். ஊர்ப் பொது மனுவில் இது தனிப் பத்தியாக இருக்க வேண்டும். பெரும்பாலும் ஊர்ப் பெரியவர்கள் எழுதும் மனுவில் இது விடுபட்டுப்போகும்.

---

வரைபடம்_வைத்திருப்பவர் பதில்:

மேலே சொன்னது அத்தனையும் வந்து முட்டுவது வரைவு வார்டுப் பட்டியலில்தான். வரைவு வெளியாகும், ஆட்சேபணைக்குக் கெடு இருக்கும், கருத்துக்கேட்புக் கூட்டம் நடக்கும், பிறகு இறுதி. இறுதியானபின் அரசியலமைப்பின் 243-இசட்ஜி பிரிவு குறுக்கே நிற்கும்: வரையறைச் சட்டத்தின் செல்லுபடியை நீதிமன்றத்தில் கேள்வி கேட்க முடியாது. அப்பட்டமாகத் தன்னிச்சையாக இருந்தால் பார்க்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2024-ல் ஒரு சிறு சந்து விட்டிருக்கிறது, அதை நம்பி உட்காராதீர்கள்.

வரைவில் ஒவ்வொரு வார்டுக்கும் நான்கு திசை எல்லை, உள்ளே வரும் தெருக்கள், மக்கள்தொகை இருக்கும். அந்த மக்கள்தொகை 2011 கணக்கெடுப்பு எண். அடுத்த கணக்கெடுப்பின் எண்ணிக்கை நாள் 2027 மார்ச் 1 என்பதால், அதற்கு முன் நடக்கும் எந்த வரையறைக்கும் புது எண் கிடைக்காது. 2011-க்குப் பிறகு பெருகிய ஊர்களுக்கு இது நேரடி நட்டம். அன்று 6,000 பேர் இருந்த ஊரில் இன்று 20,000 வாக்காளர்கள் இருந்தாலும், வரையறைக் கணக்கில் 6,000-தான்.

ஆனால் எப்போதும் புறநகர்தான் தோற்கும் என்று முடிவு கட்டவும் வேண்டாம். 2011-ல் சென்னை 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆனது. 155 வார்டு 200 ஆயிற்று. பழைய நகரத்தின் 155-ஐ 107-ஆகச் சுருக்கி, திருவொற்றியூர், மாதவரம், அம்பத்தூர், ஆலந்தூர், சோழிங்கநல்லூர் என்று சேர்ந்த பகுதிகளுக்கு 93 கொடுத்தார்கள். 2011 கணக்கில் பழைய நகரத்தில் சுமார் 46 லட்சம் பேர், சேர்ந்த பகுதியில் சுமார் 20 லட்சம். அதாவது பழைய நகரத்தில் ஒரு கவுன்சிலருக்கு 43,000 பேர், புதுப் பகுதியில் அதில் பாதி. ராயபுரத்துக்காரர் ஓட்டைவிட மணலிக்காரர் ஓட்டுக்கு எடை அதிகம். வார்டு எண்ணிக்கையை யார், எதை வைத்து முடிவு செய்கிறார்கள் என்பதைப் பொறுத்து இது எந்தப் பக்கமும் சாயும். கோவையும் மதுரையும் அதே ஆண்டு 72-லிருந்து 100 வார்டுக்குப் போயின.

ஆட்சேபணை எழுதும்போது 'எங்கள் ஊரைப் பிரிக்காதீர்கள்' என்று நூறு பேர் கையெழுத்துப் போட்டால் அது ஒரே ஆட்சேபணையாக எண்ணப்பட்டு ஒரே வரியில் தள்ளுபடியாகும். மொத்த மக்கள்தொகையை வார்டு எண்ணிக்கையால் வகுத்து முதலில் சராசரியை எழுதுங்கள். அடுத்து உங்கள் வார்டும் பக்கத்து வார்டும் அதிலிருந்து எவ்வளவு விலகியிருக்கின்றன என்று காட்டுங்கள். பிறகு மாற்று: இன்ன தெருக்கள், இத்தனை பேர், இந்த வார்டிலிருந்து அந்த வார்டுக்கு. அப்படி மாற்றினால் இரண்டு வார்டின் புது எண் என்ன என்றும் போட வேண்டும். ஒரு தெருவை இழுத்தால் பக்கத்து வார்டு குறையும், அதை எப்படி ஈடுகட்டுவது என்று சொல்லாத மனுவை அதிகாரி ஏற்க மாட்டார். எல்லையாக ரயில் பாதை, ஓடை, அகலச் சாலை போன்ற நிரந்தர அடையாளங்களைக் காட்டுங்கள். கோயில் மதில், காலி மனை என்று எழுதாதீர்கள்.

2011-க்குப் பின் வந்த நகர்கள், மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்காக அன்று பிரித்த சிறு பகுதிகளின் பட்டியலில் இருக்காது என்பதால் வரைவிலேயே எந்த வார்டிலும் பெயர் இல்லாமல் விடுபட்டுப்போகும். மக்கள்தொகையை மாற்ற முடியாவிட்டாலும், 'இன்ன நகர், இன்ன சர்வே எண்கள், இந்த வார்டைச் சேர்ந்தது' என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லிக் கேட்கலாம். லே-அவுட் ஒப்புதல் வரைபட நகலை இணையுங்கள். அந்த ஒரு வரி இல்லாவிட்டால் பின்னால் பட்டியல் பிரிக்கும் ஊழியர் ஊகத்தில்தான் அந்த வீடுகளை ஒதுக்குவார்.

மனுவை நேரில் கொடுத்து, தேதி முத்திரையோடு நகல் வாங்குங்கள். கருத்துக்கேட்புக்கு இரண்டு பேர் போதும். ஒருவர் கையில் வரைபடம், இன்னொருவர் கையில் எண்கள்.